கிஃப்ட்: பரிசா, விஷமா?

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு. ஜெர்மனில் அதே எழுத்துகள், ஆனால் பொருள் விஷம்! இரண்டுக்கும் வேர் 'கொடு' என்பதுதான். ஜெர்மனிலும் முதலில் கொடை என்றே இருந்தது. வரதட்சணையைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம், கொடுத்தலையும் மருந்தின் அளவையும் குறித்த கிரேக்க 'டோசிஸ்' பாதிப்பில், கொடுக்கும் மருந்தாகி, கடைசியில் விஷமானது. நாமும் பயிருக்கு அடிக்கும் விஷத்தை 'மருந்து' என்றுதானே சொல்கிறோம்.

டச்சு மொழியில் கடைசி எழுத்துதான் காப்பாற்றுகிறது: 'ட்' இருந்தால் நன்கொடை, இல்லையென்றால் விஷம். ஸ்வீடிஷ்தான் வேடிக்கை. அங்கே இதே எழுத்துகளை 'யிஃப்ட்' என்று வாசிப்பார்கள். விஷம் என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள்.