தோட்டத்து நீராவி ரயிலுக்கு எந்த நெருப்பு: கேஸா, ஸ்பிரிட்டா, நிலக்கரியா?

இங்கிலாந்தில் தோட்டத்தில் சின்ன நீராவி ரயில் ஓட்டுபவர்களிடம் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "எந்த எஞ்சின் வாங்கலாம்?" என்பதுதான். எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டேன். இப்போது என்னிடம் யாராவது கேட்டால், எஞ்சின் அப்புறம் இருக்கட்டும், எந்த நெருப்பு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். எதை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து எஞ்சினின் வயிறே மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நமக்கு எப்படிப் போகும் என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இவை பேட்டரியில் ஓடுகிற பொம்மைகள் அல்ல. வெள்ளிப் பற்றாசு வைத்த செம்புக் கொதிகலன், அதில் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர், நிஜ நெருப்பு, பிஸ்டனைத் தள்ளும் நிஜ நீராவி. தண்டவாளம் பெரும்பாலும் இரண்டு அகலத்தில் வரும். 32 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுபவை குறும்பாதை எஞ்சின்கள். ஒரு அடிக்கு 16 மி.மீ. என்று கணக்குப் போட்டால் 32 மி.மீ. சரியாக இரண்டு அடி. வேல்ஸ் மலையிலிருந்து சிலேட்டுக் கல் இறக்கிய ஃபெஸ்டினியோக் ரயிலின் அகலம் ஏறக்குறைய அதுதான். 45 மி.மீ. தண்டவாளத்துக்கு 'கேஜ் ஒன்' என்று பெயர். பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சின்களை 32-ல் ஒரு பங்காகச் சுருக்கி ஓட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் கேஸ் அதிகம், இரண்டாவது கூட்டத்தில் ஸ்பிரிட் (எரிசாராயம்) அதிகம். நிலக்கரிக்காரர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேர் உண்டு.

பெரும்பாலோர் கேஸில்தான் தொடங்குகிறார்கள், அது சரியான தொடக்கமும்கூட. டான்காஸ்டரில் 1982-ல் தொடங்கிய ரவுண்ட்ஹவுஸ் நிறுவனத்தின் எஞ்சின்களைப் பார்த்தால் அமைப்பு எவ்வளவு எளிமை என்பது புரியும். செம்பு உருளைக்கு நடுவே ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள் நீளமான ஒரு பர்னர். டிரைவர் நிற்கும் இடத்தில் சின்ன கேஸ் தொட்டி. சிகரெட் லைட்டருக்கு அடைக்கும் அதே பியூட்டேன்தான் அதற்கும். புகைபோக்கியின் மேல் லைட்டரைக் காட்டிக் கேஸைத் திறந்தால் 'பொப்' என்று தீ உள்ளே ஓடிப் பற்றிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குள் நீராவி தயார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாதுகாப்புக் கணக்கு: தொட்டியில் உள்ள கேஸ் தீர்ந்த பிறகும் கொதிகலனில் தண்ணீர் மிச்சம் இருக்கும்படி இரண்டின் அளவையும் பொருத்தி வைத்திருக்கிறார்கள். நெருப்பு தானாக அணைந்துவிடுவதால் கொதிகலன் வறண்டு கெட்டுப்போவதில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும். நீங்கள் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

குறை என்று பார்த்தால், பர்னரின் இரைச்சல் ஒன்று. எஞ்சின் 'சுக்சுக்' என்று மூச்சு விடுவதை அது அமுக்கிவிடும். அடுத்தது குளிர். பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். ஜனவரிக் காலையில் தொட்டியில் அழுத்தமே இருக்காது. போதாததற்கு, கேஸ் ஆவியாக ஆவியாகத் தொட்டி இன்னும் குளிர்ந்துபோகும். புரொப்பேன் கலந்த கேஸ் அடைத்தால் குளிர்காலத்தைச் சமாளிக்கலாம். ஆனால் கோடையில் அதே கலவை தொட்டியின் அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே எஞ்சினைச் செய்தவர் எந்தக் கேஸைச் சொல்லியிருக்கிறாரோ அதைத் தாண்டாதீர்கள்.

இவையெல்லாம் பழகிவிடும். எனக்கு உறுத்துவது வேறு. பெரிய நீராவி எஞ்சினில் ஓர் அழகான சுற்று இருக்கிறது. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகச் சீறி வெளியேறும்போது தன்னோடு புகையறையின் (புகைபோக்கிக்கு அடியில் உள்ள அறை) காற்றையும் இழுத்துப் போகிறது. அந்த இழுப்பில் நெருப்பு சிவந்து எரிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் சீற்றம் கூடும், சீற்றம் கூடினால் நெருப்பு கூடும், நெருப்பு கூடினால் நீராவி கூடும். யாரும் தொடாமல், கஷ்டப்படும்போது தானாகவே பலம் கூட்டிக்கொள்கிற இயந்திரம் அது. 1829-ல் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' எஞ்சின் ஓடிய காலத்திலிருந்து நீராவி எஞ்சினின் உயிர்நாடியே இந்தச் சுற்றுதான். ஒற்றைக் குழாய் கேஸ் எஞ்சினில் இது கிடையாது. எஞ்சின் நின்றாலும் ஓடினாலும், ஐந்து பெட்டி இழுத்தாலும் ஒன்றும் இழுக்காவிட்டாலும், திருகைத் திருப்பிய அளவுக்குத்தான் நெருப்பு எரியும். அடுப்பில் வைத்த குக்கரும் அப்படித்தானே எரிகிறது.

ஸ்பிரிட் எஞ்சினில் அந்தச் சுற்று திரும்பக் கிடைக்கிறது. 1975-ல் 'ஸ்கூல்ஸ்' என்ற பிரிட்டிஷ் எஞ்சின் வகையின் மாதிரியோடு சந்தைக்கு வந்த ஜப்பானின் ஆஸ்டர் நிறுவனம், கேஜ் ஒன் உலகையே மாற்றியது. அதன் எஞ்சின்களில் பெரும்பாலானவை ஸ்பிரிட்டில் ஓடுபவை. நல்ல ஸ்பிரிட் எஞ்சின்களில் நிஜ எஞ்சினைப் போலவே நெருப்பறையும் பல சின்னக் குழாய்களும் இருக்கும். நெருப்பறைக்கு அடியில் வரிசையாகத் திரிகள். (கொதிகலனுக்கு அடியில் விளக்கு வைத்ததுபோல் வெறுமனே எரியும் பழைய வகையும் உண்டு. அதை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை.)

திரிக்கு ஸ்பிரிட் போகும் ஏற்பாடு என்னை இன்றும் ரசிக்க வைக்கிறது. கோழிக்குத் தண்ணீர் வைக்க பாட்டிலைக் கவிழ்த்து வைப்போமே, அதேதான். காற்றுப் புகாத தொட்டியிலிருந்து ஒரு குழாய் சின்னக் கிண்ணத்துக்குள் இறங்கும். கிண்ணத்தில் மட்டம் குறைந்தால் குழாய் வழியே காற்று மேலேறும், அந்த அளவுக்கு ஸ்பிரிட் கீழே இறங்கும். வால்வு, மிதவை எதுவும் வேண்டாம். இங்கே இதைச் 'சிக்கன் ஃபீட்' என்றே சொல்கிறார்கள்.

ஆனால் பற்ற வைக்கும்போது சிலிண்டரிலிருந்து நீராவி வராது. இழுப்பும் இருக்காது. தீ குழாய்க்குள் போகாமல் வெளியே நக்கி, பெயின்டைக் கருக்கி, கண்ணை எரிய வைக்கும். அதற்காகப் புகைபோக்கியின் மேல் பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி ஒன்றை வைத்து உறிஞ்ச வேண்டும். விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதுவோம், இங்கே அதையே மறுமுனையிலிருந்து இழுக்கிறோம். அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அளவு காட்டியதும் ப்ளோயர் வால்வை (கொதிகலன் நீராவியைப் புகைபோக்கியில் பீய்ச்சி இழுப்பு உண்டாக்குவது) திறந்து, விசிறியை எடுத்துவிடலாம். அந்த நொடியிலிருந்து எஞ்சின் தன் நெருப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது. பர்னர் இரைச்சல் இல்லை. ஒவ்வொரு மூச்சையும் எண்ணலாம். பெட்டிகளைக் கூட்டினால் மூச்சு கனமாவது காதுக்குத் தெரியும், அழுத்தமும் விழாமல் நிற்கும். இதைக் கேட்ட பிறகு கேஸுக்குத் திரும்பும்போது எனக்கு ஏதோ குறைகிறது.

ஸ்பிரிட்டின் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. ஒரு கோடை மதியம் என் எஞ்சின் வளைவில் தடம்புரண்டு சாய்ந்து, ஸ்பிரிட் மரப் பலகையில் கொட்டியது. எஞ்சினைத் தூக்கக் கை நீட்டினேன். பக்கத்துப் பெட்டியின் பெயின்ட் கொப்பளிப்பதைப் பார்த்த பிறகுதான் பலகை எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஈரத் துண்டைப் போட்டு அணைத்தேன். ஸ்பிரிட் தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் தண்ணீரே அதை அணைக்கும். அது ஒரு நல்ல விஷயம். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் ஸ்பிரிட் எஞ்சின் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

நிலக்கரிக்கும் ஸ்பிரிட்டுக்குமான சண்டை புதிதல்ல. 1920-களில் இங்கிலாந்தில் இது பெரிய வாதமாகவே நடந்தது. சின்ன எஞ்சினுக்கு ஸ்பிரிட்டே பொருந்தும் என்று ஹென்றி கிரீன்லி போன்ற மாதிரி ரயில் வடிவமைப்பாளர்கள் நின்றார்கள். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் மாதிரி எஞ்சின்களைப் பற்றி எழுதிய லாரன்ஸ், நிஜ எஞ்சின் போன்ற கொதிகலனைச் சரியாகக் கட்டினால் நிலக்கரியே ஜெயிக்கும் என்றார். தன் இரண்டரை அங்குலப் பாதை எஞ்சின் 'அயேஷா' வளர்ந்த ஆட்களை உட்காரவைத்து இழுப்பதையும் காட்டினார். ஆட்களை இழுக்கும் அளவு எஞ்சின்களில் அவர் கட்சிதான் வென்றது. எதை எரிப்பது என்ற கேள்வி நம் ஊட்டி மலை ரயிலுக்கும் வந்தது. நிலக்கரியில் ஓடிய அந்தப் பாதைக்கு 2011-லிருந்து பொன்மலைப் பணிமனை எண்ணெயில் எரியும் எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தது.

ஆனால் 45 மி.மீ. பாதை என்பது இரண்டரை அங்குலத்தைவிட இன்னும் சின்னது. இயற்கையை நம் விருப்பத்துக்குச் சுருக்க முடியாது. எஞ்சினை 20-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு 400-ல் ஒன்றாகிறது, கொள்ளளவோ 8000-ல் ஒன்றாகிவிடுகிறது. அதாவது, உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால், வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு பெரிய எஞ்சினைவிட 20 மடங்கு. நெருப்பறைத் தட்டு தீக்குச்சிப் பெட்டி அளவுதான் இருக்கும். அதில் கரி கனமாகத் தங்காது. இரண்டு மூன்று நிமிடம் கவனிக்காவிட்டால் தணல் செத்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியைப் பற்ற வைத்து, வேல்ஸ் கரியை உடைத்த கடலை அளவுக்கு நொறுக்கி, பொம்மைக் கரண்டியால் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரையும் பம்பால் இடையிடையே ஏற்ற வேண்டும். ஓட்டம் முடிந்ததும் குழாய்களில் சாம்பலைத் துலக்க வேண்டும். நண்பர் ஒருவரின் நிலக்கரி எஞ்சினை அவர் பக்கத்தில் நின்று சில தடவை ஓட்டியிருக்கிறேன். அந்தப் புகையின் வாசனைக்கு ஈடு கிடையாது. ஆனால் ரயில் வளைவில் திரும்பும் அழகை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண் முழுவதும் நெருப்பறைக் கதவிலேயே இருந்தது.

வேறு வழிகளும் உண்டு. மாமோட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பொம்மை நீராவி எஞ்சின்களில் எரிபொருள் வில்லை எரியும்; விலை குறைவு, பலமும் குறைவு. மாதிரி ரயில் நிறுவனமான ஹார்ன்பி 2003-ல் 'மல்லார்ட்' எஞ்சினின் மாதிரியைக் கொண்டுவந்தபோது தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தாலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்தது. திறமையான வேலைதான், ஆனால் அதில் நெருப்பே இல்லை.

ஒரே ஒரு எஞ்சின்தான் வாங்க முடியும், கூட ஓட்ட ஆள் இல்லை என்றால் கேஸ் வாங்குங்கள், மன உறுத்தல் வேண்டாம். இரண்டாவதாக ஒன்று வாங்கும் நாள் வந்தால் ஸ்பிரிட் வாங்குங்கள். நிலக்கரி எஞ்சினைச் சொந்தமாக வாங்கும் முன் யாருடையதையாவது ஒரு முழு மதியம் ஓட்டிப் பாருங்கள். நான் இப்போது பகலில் கேஸ் எஞ்சினை மட்டும் ஓட்டுகிறேன். ஸ்பிரிட் எஞ்சினைப் பொழுது சாயும் நேரத்தில்தான் வெளியே எடுக்கிறேன். அப்போதுதான் சக்கரங்களுக்கு நடுவே அந்த நீலத் தீ கண்ணுக்குத் தெரியும். எங்காவது சிந்தியிருந்தால் அதுவும் தெரியும்.