பூஸ்டரா, வைஃபை காலிங்கா, மாடியில் ஆன்டெனாவா?

வாசலில் நின்றால் கணீரென்று கேட்கிறது. நாலு எட்டு வைத்துக் கூடத்துக்குள் வந்தால் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" ஒதுக்குப்புறமான வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தினப்படி கூத்து. போன் அடித்ததும் மாடிப்படிக்கு ஓடுவது அனிச்சையாகவே பழகிவிடும். இதற்கு வழி தேடினால் கண்ணில் முதலில் படுவது பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி. நானும் அதைத்தான் வாங்கப் போனேன். இன்றைக்கு யார் கேட்டாலும் பூஸ்டரைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

காசை எடுப்பதற்கு முன், சிக்னல் எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரிந்தாக வேண்டும். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் பெரும்பாலான போன்களில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாகக் காட்டும்; பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். 4ஜியில் மைனஸ் 85 டிபிஎம் என்றால் பிரமாதம், மைனஸ் 100 பரவாயில்லை, 110ஐத் தாண்டினால் இழுபறி, 120ஐ நெருங்கினால் லைன் நிற்காது. இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை டிபி என்பார்கள். 3 டிபி குறைந்தால் சிக்னல் பாதியாகிறது; 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

என் வீட்டு மொட்டை மாடியில் மைனஸ் 94 இருந்தது. அதே போனோடு இறங்கிக் கூடத்தில் உட்கார்ந்தால் மைனஸ் 117. நடுவில் காணாமல் போனது 23 டிபி, அதாவது மாடியில் கிடைத்ததில் இருநூறில் ஒரு பங்குதான் கீழே வந்து சேர்கிறது. தின்றது யார் என்றால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். தகரக் கூரையும், வெயில் தடுக்க ஒட்டும் அலுமினியத் தாளும், உலோகப் பூச்சு போட்ட ஜன்னல் கண்ணாடியும் இதே வேலையைத்தான் செய்யும். மாடியிலும் மைனஸ் 120 என்றால் அது வேறு நோய். அங்கே குற்றவாளி உங்கள் சுவர் இல்லை. டவர் தூரத்தில் இருக்கிறது, அல்லது நடுவே மேடோ தோப்போ மறைக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் வீணாகச் செலவழிப்பவர்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவரை வீட்டுக்குள் கூப்பிட்டு அவர் போனில் எண்ணைப் பாருங்கள். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் சுவரைத் துளைத்து வருவதில் கெட்டிக்கார அலைகள். 2300, 3500 எல்லாம் சுவரைக் கண்டாலே சோர்ந்துவிடும். பக்கத்து டவர் எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, சிம்மை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். போன் பலவீனமான 5ஜியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் 4ஜிக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள்; பேட்டரியும் மிஞ்சும். போனின் முதுகில் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்காதீர்கள். மின்சாரமும் இல்லை, எதனோடும் இணைப்பும் இல்லை, அது எதைப் பெருக்கும்?

இனி போட்டிக்கு வருவோம். வீட்டில் ஏற்கெனவே கம்பி வழி இணையம் இருந்தால் வைஃபை காலிங்கை எதுவும் நெருங்க முடியாது. டவரே வேண்டாம், அழைப்பு உங்கள் இணையம் வழியாகப் பாதுகாப்பான ஒரு சுரங்கப்பாதை போட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போய்விடுகிறது. அதே எண், தனி ஆப் கிடையாது, ஓடிபி குறுஞ்செய்திகளும் பெரும்பாலும் இந்த வழியிலேயே வந்துவிடும். போனும் நிறுவனமும் இரண்டும் ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான். எரிச்சல் ஒன்று உண்டு: செத்துப் பிழைத்த ஒரு கோடு சிக்னல் இருந்தால்கூட சில போன்கள் அதையே கட்டிக்கொண்டு அழும், வைஃபைக்கு வராது. அப்போது ஏரோப்ளேன் மோடைப் போட்டு, அதற்குமேல் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். பெரும்பாலான போன்கள் வழிக்கு வந்துவிடும். கரண்டு போனால் ரவுட்டரும் போகும், அதோடு பேச்சும் போகும் என்பது இதன் நிஜமான பலவீனம். ரவுட்டருக்கென்றே வரும் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டிவிடுவது நல்லது. அவசர எண்ணை அழைக்கும்போது இருக்கும் இடம் சரியாகப் போய்ச் சேராமல் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இணையக் கம்பியே வராத வீடு என்றால் என் ஓட்டு மாடியில் வைக்கும் 4ஜி ரவுட்டருக்கு. சிம்மும் ஆன்டெனாவும் ஒரே பெட்டிக்குள் மேலே இருக்கும். கீழே இறங்குவது சாதாரண நெட்வொர்க் கேபிள் மட்டும், மின்சாரமும் அதிலேயே ஏறும். இதன் அருமை இங்கேதான். ஆன்டெனா மேலேயும் கருவி கீழேயுமாக வைத்தால் நடுவில் ஓடும் கோஆக்ஸ் கேபிள் (டிவி ஆன்டெனாவிலிருந்து வருமே, அந்த மாதிரி) சிக்னலைத் தின்னும். மெல்லிய கேபிளாக இருந்தால் 900 மெகாஹெர்ட்ஸிலேயே 10 மீட்டருக்கு 4, 5 டிபி போய்விடும். நெட்வொர்க் கேபிளில் இறங்குவது டேட்டா. 100 மீட்டர் வரை அதற்கு ஒன்றும் ஆகாது. கீழே அதை வைஃபையாக்கினால், அதே வைஃபை காலிங் இங்கேயும் வேலை செய்யும்.

பெட்டியைத் திருப்பி வைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் காத்திருந்தால்தான் எண் நிலைக்கு வரும். கண்ணுக்குத் தெரிந்த டவரை நேராகப் பார்த்தபோது சிக்னல் பலமாகத்தான் இருந்தது, ஆனால் சைனர் 3ஐத் தாண்டவில்லை. இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று சொல்லும் எண் அது. வேறு திசையில், கண்ணுக்கே தெரியாத டவர் ஒன்றின் பக்கம் திருப்பியதும் பலம் 4 டிபி குறைந்தது, சைனர் 14க்கு ஏறியது. வேகமும் பேச்சும் அங்கேதான் நன்றாக இருந்தன. பலத்தை மட்டும் பார்த்து ஆணி அடிக்காதீர்கள்.

சரி, பூஸ்டர். வெளியே ஓர் ஆன்டெனா, நடுவில் பெருக்கி, உள்ளே ஓர் ஆன்டெனா. மாடியில் நல்ல சிக்னல் இருந்து, வீட்டில் பலர் வைஃபை காலிங் இல்லாத பழைய போன்கள் வைத்திருந்தால் இதைவிடச் சுலபமான தீர்வு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் போனும் எதையும் மாற்றாமல் பேசும். ஆனால் மாடியில் ஒன்றுமில்லை என்றால் பெருக்கவும் ஒன்றுமில்லை. உள் ஆன்டெனாவின் சிக்னல் வெளி ஆன்டெனாவுக்கே திரும்பிப் போனால், மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்தால் வருமே அந்தக் கூச்சல், அதுவே அலையில் நடக்கும். 65 டிபி பெருக்கும் கருவிக்கு, இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே அதைவிட அதிகமான தடுப்பு வேண்டும். தகரக் கூரை வீட்டில் அது தானாகவே அமைந்துவிடும். ஓட்டு வீட்டில் திண்டாட்டம். தரமில்லாத கருவி கத்த ஆரம்பித்தால் டவரே திணறும், சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் லைன் கெடும்.

அதனால்தான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் தரச் சான்று பெற்ற பூஸ்டரை நிறுவனத்திடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 2018 முதல், விதிகளுக்கு உட்பட்ட கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டாம். இந்தியாவில் தனியாட்கள் அனுமதியில்லாமல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று 2022 ஜூலையில் அரசு மறுபடியும் அறிவித்தது. ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறதே என்பது பதிலாகாது. நான் பாதியில் திரும்பி வந்ததும் இதைப் படித்துத்தான்.

ஃபெம்டோசெல் என்று குட்டி டவர் ஒன்றும் உண்டு. நிறுவனமே தரவேண்டும், அதற்கும் இணையம் வேண்டும். இணையம் இருந்தால் வைஃபை காலிங்கே போதும் என்பதால் அதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

எதுவும் வாங்கும் நிலையில் இல்லையா? எண் நன்றாக வரும் ஜன்னலில் போனைச் சார்ஜரோடு வைத்துவிட்டு, ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசுங்கள். சுமார் 10 மீட்டர் வரை எட்டும். ரவுட்டர் வாங்கும்வரை நான் ஆறு மாதம் இப்படித்தான் ஓட்டினேன்.