கார்பன் ஏலம்: இரண்டு கூட்டணிகள்

கரியமில வாயுவை வெளியிடுவதற்கு விலை வைக்கும் வேலையை அமெரிக்க மத்திய அரசு செய்யவில்லை. அதை மாநிலங்களே கூடிச் செய்யப் பார்த்ததில் இரண்டு வழிகள் நிலைத்திருக்கின்றன.

ஒன்று, வடகிழக்கு மாநிலங்களின் ஆர்ஜிஜிஐ (RGGI) என்ற கூட்டுத் திட்டம். 2009-இல் பத்து மாநிலங்களோடு தொடங்கியது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின்நிலையங்கள் மட்டும்தான் கணக்கில் வரும். ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட ஓர் உரிமம். மூன்று மாதத்துக்கு ஒரு ஏலம். வரும் பணத்தில் பெரும்பங்கு மின்சிக்கனத் திட்டங்களுக்குப் போகிறது. ஆனால் மொத்தம் எவ்வளவு வெளியிடலாம் என்ற உச்சவரம்பைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் உரிமம் இரண்டு டாலரைக்கூடத் தொடவில்லை. 2014-இல் வரம்பை 45 சதவீதம் வெட்டிய பிறகுதான் சந்தைக்கு உயிர் வந்தது.

மற்றது, கலிபோர்னியாவும் கனடாவின் கியூபெக் மாகாணமும் 2014-இல் இணைத்த சந்தை. இரண்டு நாடு, இரண்டு நாணயம், ஒரே ஏலம். தொழிற்சாலைகளோடு பெட்ரோல், டீசலும் உண்டு. தரைவிலை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலை, ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் 5 சதவீதம் ஏறும். வீச்சில் இதுவே பெரியது.

சரி, ஒருவர் கழன்றுகொண்டால்? நியூ ஜெர்சி 2011 முடிவில் ஆர்ஜிஜிஐயை விட்டுப் போனது, 2020-இல் திரும்பியது. மற்றவர்கள் பாட்டுக்கு ஏலம் நடந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2018 ஜனவரியில் கலிபோர்னியா–கியூபெக் சந்தையில் சேர்ந்தது. ஜூனில் ஆட்சி மாறியதும் விலகல் அறிவிப்பு. அங்குள்ள நிறுவனங்கள் உரிமங்களைக் கொண்டுவந்து கொட்டிவிடாதபடி மற்ற இருவரும் அவசரமாகக் கதவடைக்க வேண்டியிருந்தது.

ஆட்சிக்கு ஆட்சி கொள்கை மாறும் இடங்களில் மின்துறையோடு தொடங்குவதே என் தேர்வு. போக்குவரத்துப் புகையைத் தொட வேண்டுமென்றால் அது போதாது.