மணலி புதுநகரில் ஒரு மனையின் வெள்ள மட்டத்தைத் தேடிய 14 நாள்கள்

பொங்கலை ஒட்டி ஊருக்கு வந்திருந்த 14 நாள்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே கேள்விக்கு விடை தேடுவதில் கழிந்தன. வடசென்னையை ஒட்டிய மணலி புதுநகரில் அப்பா வாங்கிப்போட்ட மனையில் இருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று தம்பி முடிவெடுத்திருந்தான். செலவில் பாதி என்னுடையது. பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதே என் கேள்வி.

நான் 20 ஆண்டுகளாக வசிக்கும் ஹியூஸ்டனில் இதற்கு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. கூட்டரசின் பேரிடர் முகமையான ஃபீமா வெளியிடும் வெள்ள வரைபடத்தில் முகவரியைத் தட்டினால், எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எட்டக்கூடிய பரப்புக்குள் அந்த மனை இருக்கிறதா, இருந்தால் நீர் எந்த உயரம் வரை வரும் என்பது தெரிந்துவிடும். வரைபடம் கூட்டரசினுடையது என்றாலும் அதற்குச் சட்ட வலுக் கொடுப்பது நகராட்சியின் விதியே. அந்த விதியை இயற்றி நடைமுறைப்படுத்தும் ஊர்களுக்கு மட்டுமே 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும் என்பதால், உள்ளாட்சி அமைப்புகள் அதை ஏட்டளவில் விட்டுவிட முடிவதில்லை. நிலப் பயன்பாட்டு மண்டலம் என்பதே இல்லாத ஹியூஸ்டன் நகரம்கூட, 2017-இல் ஹார்வி புயல் வந்து போன பிறகு, வெள்ளச் சமவெளியில் புதிதாகக் கட்டும் வீட்டின் தரை 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு, அதாவது எந்த ஓர் ஆண்டிலும் 0.2 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்துக்கு, மேல் இரண்டு அடி இருக்க வேண்டும் என்று 2018-இல் விதியை இறுக்கியது. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஹார்வியில் நீர் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த 1 சதவீதக் கோட்டுக்கு வெளியே இருந்தவைதாம். ஆனாலும் கோடு என்று ஒன்று இருந்ததால்தான் அது தவறியதை அளக்க முடிந்தது.

இங்கே முதல் இரண்டு நாள் வேலை எதிர்பார்த்ததைவிட எளிதாகவே முடிந்தது. பட்டாவும் புல வரைபடமும் இணையத்தில் கிடைத்தன. வில்லங்கச் சான்றிதழுக்காகப் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நின்ற காலம் போய்விட்டது. புல எண்ணைக் கொடுத்தால் நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் பெருந்திட்டத்தில் அந்த நிலம் குடியிருப்புக்கு உரியதா, தொழிற்சாலைக்கு உரியதா என்பதையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். 2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் பெருந்திட்டத்தின்படி எங்கள் மனை குடியிருப்புப் பகுதி. மணலி புதுநகரை உருவாக்கியதே சி.எம்.டி.ஏ. என்பதால் அதில் வியப்பு இல்லை. வடக்கே கொசஸ்தலை ஆறும் தெற்கே புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயும் ஓட, இடையில் இருக்கும் தாழ்வான நிலத்தைத் துணை நகரத்துக்கு எப்படித் தேர்ந்தார்கள் என்பதுதான் வியப்பு.

மூன்றாம் நாளிலிருந்து அலைச்சல். ஓர் அலுவலகத்தில் என் கேள்வியைக் கேட்ட எழுத்தர், புல எண்ணைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, "நீர்நிலைப் புறம்போக்கு இல்லை சார், ரயத்துவாரி பட்டாதான், தாராளமாக் கட்டலாம்" என்றார். நான் கேட்டது அது அல்ல என்று விளக்க முயன்றேன். அவர் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார். அங்கிருந்தவர் முதல் அலுவலகத்துக்கே திரும்பிப் போகச் சொன்னார். இப்படியே மூன்று நாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது: அவர்கள் யாரும் என்னை ஏய்க்கவில்லை, அவர்களிடம் உள்ள சட்டங்களில் அந்தக் கேள்வியே இல்லை. வருவாய்ப் பதிவேட்டுக்கு ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் தெரியும். 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் ஏரியின் எல்லைக்குள் இருப்பதைத்தான் பார்க்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய நிலத்தைத் தொடும், ஆனால் அது அளப்பது ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை. 2011 அறிவிக்கையில் ஓதநீர் ஏறும் ஆற்றின் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இவற்றில் எது குறைவோ அது என்றிருந்த அளவு 2019-இல் 50 மீட்டராகச் சுருங்கியது. ஆறு கரை மீறும் நாளில் அந்த நீர் படுத்துக்கொள்ளும் நிலத்துக்கு, அதாவது வெள்ளச் சமவெளிக்கு, இவற்றில் எதிலும் பெயர் இல்லை.

மத்திய நீர் ஆணையம் 1975-இலேயே வெள்ளச் சமவெளி மண்டலப் பிரிப்புக்கென ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், பழைய ஜம்மு காஷ்மீர் மாநிலம் ஆகியவை அதன் அடிப்படையில் சட்டம் இயற்றின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் உயரத்தை யார்தான் சொல்வார்கள்? வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் பொறியாளர் விளக்கினார். பெரிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் திட்ட அனுமதி கேட்கும்போது, நீர் தேங்கும் அபாயத்தை ஆராய்ந்து நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தர வேண்டும். சராசரிக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்க வேண்டும் என்ற எண் அந்தச் சான்றில் வரும். எங்களைப் போன்ற தனி வீட்டுக்காரருக்கு அது தேவைப்படுவதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்தாலே அனுமதி கிடைத்துவிடுகிறது. வேகம் நல்லதுதான், ஆனால் எண்ணை நிபந்தனையாகப் பெற்ற பெரிய மனைப்பிரிவுக்காரர் தம் நிலத்தை மேடாக்கினால், அங்கே நிற்க இடமில்லாத நீர் எண்ணே இல்லாத பக்கத்து வீட்டுக்குள்தான் வரும். பக்கத்துத் தெருவில் ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கப்பட்ட வீடுகள் இரண்டைப் பொறியாளரே காட்டினார்.

இத்தனைக்கும் அரசுக்குத் தெரியாத இடம் அல்ல இது. பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பி மதகைத் திறக்கும்போதெல்லாம் வெளியாகும் வெள்ள எச்சரிக்கையில் மணலி புதுநகர், இடையஞ்சாவடி, வெள்ளிவாயல், சடையான்குப்பம், எண்ணூர் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். புழல் ஏரி திறந்தால் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, மறுபடியும் சடையான்குப்பம். தம்பியின் கைப்பேசியில் பழைய எச்சரிக்கைகள் சில இருந்தன. பெயர்கள் பெரிதாக மாறவே இல்லை. என்னைக் கேட்டால், கொசஸ்தலையின் வெள்ளச் சமவெளிக்கு அரசு தன் கையாலேயே எழுதிய வரையறை அந்தப் பட்டியல்தான். ஆடு மாடுகளுடன் மேடான இடத்துக்குப் போங்கள் என்று சொல்ல அது பயன்படுகிறது. வீடு கட்ட வருபவரிடம் தரையை உயர்த்துங்கள் என்று சொல்ல மட்டும் பயன்படுவதில்லை.

கொசஸ்தலை வடிநிலத்துக்கென ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் ஒப்புதல் அளித்த 25.1 கோடி டாலர் கடனில் மாநகராட்சி மழைநீர் வடிகால்களைக் கட்டியிருக்கிறது. தெருவில் விழும் மழைக்கு அது உதவும். ஆறே நிறைந்து ஓடும் நாளில் வடிகாலின் மறுமுனை ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடுமே, அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். "பம்ப் வைப்போம் சார்" என்றார் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தவர்.

எர்ணாவூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது வெளிச்சுவரில் இடுப்பளவில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் விட்டுச் சென்ற கறை. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை என்று சித்தி நொந்துகொண்டார். எனக்கோ, நான் தேடி அலைந்த எண் அப்படியே சுவரில் எழுதியிருப்பது போல இருந்தது.

எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லை, ஆனால் கூடத்துச் சுவரில் சேற்றுக்கோடு இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய நாள் தம்பி மேஸ்திரியை வரவழைத்தான். மிக்ஜாம் கோட்டுக்கு மேல் இரண்டு அடி என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். இரண்டு அடி மட்டும் ஹியூஸ்டன் கணக்கு. பழைய வீட்டை இடித்தால் கோடும் போய்விடுமே என்று மேஸ்திரிதான் நினைவூட்டினார். நீர் நிரப்பிய டியூபை இழுத்துக்கொண்டுபோய், மட்டம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரின் அனுமதியோடு அவருடைய மதில் சுவரில் சிவப்பு பெயின்டால் அந்தக் கோட்டைப் போட்டுவைத்தார்.