கொம்புச்சா ஜாடி: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

தண்டையார்பேட்டை மாடி வீட்டில் சில வருடங்களாகக் கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயைப் புளிக்க வைத்த பானம்) போட்டு வருகிறேன். ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி, அடியில் குழாய், வாய்க்குத் துணி. ஜாடி இன்றும் புதிதுபோலத்தான் இருக்கிறது. தொல்லையெல்லாம் குழாயில். வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஜாடியோடு வந்த குழாய் ஸ்டீல் மாதிரி பளபளத்தது. சில மாதங்களில் உள்பக்கம் முலாம் உரிந்து பச்சை பிடித்தது, அடியில் பித்தளை. கொம்புச்சாவின் பிஎச் 3 பக்கம் இறங்கிவிடும். அந்தப் புளிப்பு பித்தளையில் உள்ள செம்பைக் கரைத்துப் பானத்தில் சேர்த்துவிடும் என்பதால் ஜாடியில் இருந்த அத்தனையையும் கொட்டினேன். அப்புறம் பாரிமுனையில் 304 கிரேடு ஸ்டீல் குழாய் வாங்கி மாட்டினேன். விலை கூடுதல்தான், ஆனால் கொடுத்த காசுக்கு உழைக்கிறது.

ஒழுகினால் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். சிலிக்கான் வாஷர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று போட்டு, நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பானர் போட்டால் வாஷர் பிதுங்கி இன்னும் ஒழுகும், கண்ணாடியும் விரிசல் விடலாம். மாட்டியதும் வெறும் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் சரி.

குழாய் சொட்டுச் சொட்டாக வடிந்தால் உள்ளே ஈஸ்ட் நார் அடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை காலியானதும் குழாயைக் கழற்றிப் பிரஷ் விட்டுத் தேய்த்து, வினிகரில் அலசிவிடுவேன். ஜாடிக்குள் கொதிநீர் மட்டும் வேண்டாம். தடித்த கண்ணாடி சூடு தாங்காமல் வெடிக்கும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. டீக்கு மெட்ரோ தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறேன், அதில் குளோரினும் போய்விடும். போர் தண்ணீரில் கழுவிக் கழுவி ஜாடியில் படியும் வெள்ளைக் கறைக்கும் வினிகரே மருந்து.

வாய்க்கு மெல்லிய மஸ்லின் போதாது, பழ ஈ நுழைந்துவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுகிறேன். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் அதிலேயே தங்கிவிடுவதால் அடிக்கடி துவைக்க வேண்டும். காற்றுப் புகாத மூடி இதற்கு ஒத்துவராது. புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும்.

இதற்கு ஏற்ற சூடு 24 முதல் 29 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் அதற்கு எங்கே போவது? ஈரச்சாக்கு சுற்றினாலும் கடலோரப் புழுக்கத்தில் பெரிதாகக் குளிராது. அதனால் கோடையில் புளிக்க விடும் நாட்களைக் குறைத்து, ஐந்தாம் நாளிலிருந்தே ருசி பார்த்து இறக்கிவிடுகிறேன். மேலே காய்ந்த பஞ்சு மாதிரிப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் ஸ்கோபியோடு (டீயைப் புளிக்க வைக்கும் ஆடை) மொத்தமும் குப்பைக்குத்தான். சுரண்டிவிட்டுக் குடிக்க வேண்டாம்.

இறக்கிய கொம்புச்சாவை ஊற்றி வைக்கும் கிளிப் மூடி பாட்டில்களில் ரப்பர் வளையம் வெடித்தால் வாயு நிற்காது. பாட்டிலை மாற்ற வேண்டாம், வளையம் தனியாகவே கிடைக்கிறது.