ஊசியா, பயிற்சியா? மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சிகிச்சை

சீனாவின் மறுவாழ்வு மருத்துவமனைகள் பலவற்றில் மூளை முடக்குவாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை) உள்ள குழந்தைகளுக்கு இரண்டும் சேர்த்தே தரப்படுகின்றன: தலையில் அக்குபஞ்சரின் மெல்லிய ஊசிகள், பிறகு பயிற்சி அறை. அதனாலேயே எந்த முன்னேற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பயிற்சி என்றதும் கைகால்களை நீட்டி மடக்கிவிடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். அது போதாது. குழந்தை தானே முயல வேண்டும். குட்டை முக்காலியிலிருந்து எழுந்து எதிரே இருக்கும் பந்தை எடுக்க வேண்டும். உட்கார்ந்து மறுபடியும் எழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நல்ல கையில் உறை மாட்டி, தயங்கும் கையால் பிஸ்கெட்டை எடுக்க வைக்கிறார்கள். பார்க்கும் தாய்க்கு மனம் பதறும். ஆனால் மூளை கற்பது இப்படித்தான். இதற்குச் சான்றுகள் வலுவாக இருக்கின்றன.

அக்குபஞ்சர் தசை இறுக்கத்தைக் குறைப்பதாகச் சீன ஆய்வுகள் பல சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. போலி ஊசியோடு, அதாவது உண்மைச் சிகிச்சை போலத் தோன்ற மட்டும் செய்யும் ஊசியோடு, ஒப்பிட்டுப் பார்த்தவை குறைவு. தேர்ந்த கைகளில் பெரிய ஆபத்து அரிது என்றாலும், ஊசிக்கு அஞ்சி அழும் குழந்தையை வற்புறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தயங்காமல் பயிற்சிக்கே கொடுங்கள். ஊசி போடுபவர் பயிற்சியை நிறுத்தச் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.