எஸ்விஎன்-இல் இருந்து கிட்: அடுக்கடுக்கான பிராஞ்சுகளுக்கு எந்தக் கருவி?

எஸ்விஎன், கிட் இரண்டும் கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிகள். பழைய எஸ்விஎன் ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) ஒன்றைக் கிட்டுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மூன்று கருவிகளைப் பார்த்தேன்: கிட்-எஸ்விஎன், கேடிஇ திட்டத்தில் இருந்து வந்த எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட், ரெப்போசர்ஜன். தேர்ந்தெடுத்தது இரண்டாவதை.

ட்ரங்க் (முதன்மைக் கோடு), பிராஞ்சஸ் (தனிக் கிளைகள்), டேக்ஸ் (வெளியீட்டுக் குறிகள்) என்ற ஃபோல்டர்களாக ரெப்போ ஒழுங்காக இருந்தால் கிட்-எஸ்விஎன்னே போதும். எஸ்விஎன்னையும் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றாலும் அதுதான் சரி. கிட்டில் செய்த கமிட்டை (பதிந்த மாற்றத்தை) எஸ்விஎன்னுக்குத் திருப்பி அனுப்பவும் அதில் வழி இருக்கிறது.

அடுக்குகள் கலந்திருந்தால்தான் பிரச்சினை. 'பிராஞ்சஸ்/வி1' நேரடி பிராஞ்ச்; 'பிராஞ்சஸ்/பேமென்ட்ஸ்/ரீஃபண்ட்' இரண்டாம் அடுக்கு. வழக்கமான அமைப்பில் கிட்-எஸ்விஎன் 'பேமென்ட்ஸ்' முழுவதையும் ஒரே பிராஞ்சாக எடுத்துக்கொண்டு, ரீஃபண்டை அதற்குள் ஒரு ஃபோல்டராக்கிவிடும். சரி, பாதையில் இரண்டு நட்சத்திரக் குறி (எந்தப் பெயருக்கும் பொருந்தும் குறி) போட்டு ஆழத்தைக் கூட்டலாமே என்றால், வி1-க்குள் இருக்கும் சோர்ஸ் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றும் தனி பிராஞ்சாகிவிடும். பெயர்களை ஒவ்வொன்றாக அடைப்புக்குறிக்குள் எழுதித் தப்பிக்கலாம். ஆனால் 'பேமென்ட்ஸ்' முதலில் பிராஞ்சாக இருந்து, பிறகு வெறும் ஃபோல்டராக மாறியிருந்தால்? அதைச் சொல்ல அங்கே இடமே இல்லை.

எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட்டில் இதற்கென்றே விதிக்கோப்பு இருக்கிறது. பாதையை ரெகெக்ஸாக (சொல் வடிவங்களைக் குறிக்கும் சூத்திரமாக) எழுதி, எந்த ரிவிஷனில் (எஸ்விஎன்னின் மாற்ற எண்ணில்) இருந்து எதுவரை அந்த விதி செல்லும் என்றும் குறிக்கலாம். முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால் ஆழமான பாதைகளை மேலே எழுத வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது, எந்த விதிக்கும் பொருந்தாத பாதை வந்தால் அது நின்றுவிடுவதுதான். யாரோ எப்போதோ தவறான இடத்தில் போட்ட பிராஞ்ச்கூட நம் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. விதியைத் திருத்தி மறுபடி முதலில் இருந்து ஓட்டலாம். அந்தக் கோப்பைச் சக ஊழியர்களும் படித்துச் சரிபார்க்கலாம்.

பெயர் வைப்பதில் மட்டும் கவனம் தேவை. கிட்டில் 'பேமென்ட்ஸ்' என்ற பிராஞ்ச் இருக்கும்போது 'பேமென்ட்ஸ்/ரீஃபண்ட்' இருக்க முடியாது. பழையதை 'பேமென்ட்ஸ்-பழையது' என்று விதியிலேயே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ரெப்போவின் முழு நகல் உங்கள் வட்டில் இருக்க வேண்டும். சர்வருக்குள் போக அனுமதி இல்லையென்றால் ரெப்போவை நகலெடுக்கும் எஸ்விஎன்சிங்க் கைகொடுக்கும்.

ரெப்போசர்ஜன் வலிமையான கருவி. 2020-இல் ஜிசிசி கம்பைலர் திட்டம் கிட்டுக்கு மாறியது அதை வைத்துத்தான். வரலாற்றையே வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால் அதைப் பாருங்கள். நான் சிறிய ரெப்போவில் மட்டுமே ஓட்டிப் பார்த்ததால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒவ்வொரு பிராஞ்சின் கடைசி நிலையையும் எஸ்விஎன் எக்ஸ்போர்ட்டோடு (எஸ்விஎன்னில் இருந்து எடுக்கும் வெறும் கோப்பு நகலோடு) ஒப்பிடுங்கள். கீவேர்டு விரிவாக்கத்தை (கோப்புக்குள் ரிவிஷன் எண் போன்றவற்றை எஸ்விஎன் தானாக நிரப்புவதை) நிறுத்திவிட்டு எடுத்தால், காலி ஃபோல்டர்களும் வரிமுடிவுக் குறிகளும் தவிர வேறு வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் முதலில் விதிகளின் வரிசையைப் பாருங்கள்.